மதாம் அருமைராசா பன்னிரண்டு மாதம் வசித்த வரலாறு

உலகின் மற்ற நாடுகளில் மனிதர்கள் சும்மா வசிக்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில்தான் வசிப்பது ஒரு கலையாகவும், வசித்ததை நிரூபிப்பது ஒரு தவமாகவும் வளர்ந்திருக்கிறது. அந்தத் தவத்தில் வரம் பெற்றவர்கள் சிலரே. அவர்களில் ஒருத்தி, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கும் வினோஜா.

வவுனியா ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். விதுர்சனைக் கலியாணம் செய்து, அவனுடைய ஸ்பொன்சரில் மொன்றியலுக்கு வந்து பதின்மூன்று மாதம் ஆகிறது. அதே வேலைக்கு இங்கே படிக்க ஒரு கல்லூரி இடமும் கொடுத்துவிட்டது. ஆனால் இடம் வேறு, கட்டணம் வேறு. இங்கே வசிப்பவர் என்றால் ஒரு கட்டணம். வெளியார் என்றால், விதுர்சன் தன் இரண்டு வேலையை நான்காக்கினாலும் எட்டாத இன்னொரு கட்டணம். வெள்ளிக்கிழமைக்குள் அவள் வசிப்பவள் ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால், "அடுத்த வருசம் பாப்பம்" என்று விதுர்சன் அன்போடு சொல்லிவிட்டான். அந்த வீட்டில் அடுத்த வருடம் பார்க்க வைத்த காரியங்கள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த இளைஞன் மிகவும் மரியாதையானவன்.

"பொன்ஜூர், ஹாய். உங்கள் நிரந்தர வதிவிட பிஆர் அட்டை அருமையாக இருக்கிறது, மதாம். ஆனால் இது நீங்கள் வந்ததைத்தான் சொல்கிறது. இருந்ததைச் சொல்லவில்லையே?"

"வந்த பிறகு நான் எங்கேயும் போகவில்லை."

"அதை ஒரு தாள் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், தொலைபேசி பில். உங்கள் பெயரில், பன்னிரண்டு மாதத்துக்கு."

"என் கணவர் கடிதம் தந்தால் போதாதா?"

"கணவருக்கு உங்கள் மேல் அன்பு இருக்கிறதா?"

வினோஜா கொஞ்சம் யோசித்தாள். "இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்."

"அப்படியானால் செல்லாது. அன்புள்ளவர்களின் சாட்சியை நாங்கள் ஏற்பதில்லை."

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வரவேற்பறையில் உயர்மட்டக் கூட்டம் கூடியது. தலைமை, விதுர்சனின் தமையன் கிருபானந்தன். இருபத்துநான்கு வருடமாக இந்த நாட்டின் சகல படிவங்களையும் கரைத்துக் குடித்தவர். அவர் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில்தான்.

"லீஸ் ஆற்றை பேரிலை?"

"உங்கடை பேரிலை, அத்தான்" என்றாள் வினோஜா.

"கறண்ட் பில்?"

"அக்கான்ரை பேரிலை." அத்தானின் மனைவியைக் காட்டினாள்.

"போன்?"

"ஃபமிலி பிளான். இவற்றை பேரிலை" என்று விதுர்சனைக் காட்டினாள்.

கிருபானந்தன் பெருமிதத்தோடு நிமிர்ந்தார். "பாத்தியளே? ஒரு பாரத்தையும் பிள்ளையின்ரை தலையிலை வைக்கேல்லை. ஒரு பேப்பர் அலுப்பு இல்லாமல் ராசாத்தி மாதிரி வைச்சிருக்கிறம்!"

இது லேசில் வாய்க்கும் பாக்கியம் இல்லை. ராசாத்தி விடியற்காலை ஐந்தரைக்கு எழும்பி ஐந்து பேருக்குச் சாப்பாடு கட்டுவாள். முந்தின நாள் அரைத்த சம்பல் கிருபானந்தனுக்குத் தொண்டையில் இறங்காது என்பதால் தினமும் புதிதாகப் பிளெண்டரில் தேங்காய் அடிப்பாள். உடுப்புத் தோய்ப்பாள். பின்னேரம் அத்தானின் கடைக்குட்டி மதுஷனைக் கார்டறி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டி வருவாள். துர்ப்பாக்கியமாக, இவற்றில் எதற்கும் ரசீது கொடுக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இன்னும் வரவில்லை.

திடீரென்று வினோஜாவின் முகம் வெளித்தது.

"அக்கா, கார்டறியிலை ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைச்சுத்தானே மதுஷனைக் கூட்டிக்கொண்டு வாறன். அந்தக் கொப்பியைக் காட்டினால் என்ன?"

கிருபானந்தனின் மனைவி குணேஸ்வரி தொண்டையைச் செருமினாள். "அதிலை என்ரை பேரையெல்லோ வைக்கச் சொன்னனான், பிள்ளை. உம்மடை பேரைப் பதியிறதெண்டால் ஒரு ஃபோம் நிரப்ப வேணும். அந்தக் கரைச்சல் ஏனெண்டு விட்டிட்டன்."

ஆக, வினோஜாவின் கையெழுத்தால் ஒரு பெண் வருடம் முழுவதும், மழையிலும் பனியிலும் தவறாமல் பார்க் எக்ஸ்டென்ஷனில் வசித்தது ஐயந்திரிபற நிரூபணமாகி இருந்தது. அந்தப் பெண் குணேஸ்வரி.

"அடுத்த வருசம் பாப்பம்" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்போது வினோஜா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போயிருந்தாள்.

கேத்தில் கொதிக்கும்வரை அவள் அலுமாரியின் கீழ் லாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் நான்கு கடிதங்கள் இருந்தன.

அவற்றின் கதை இது. அவள் வந்த முதல் மாதம், இரண்டாம் மாடியில் இருக்கும் கிரேக்கப் பெண்மணி மதாம் ஸ்டாவ்றூலா படியில் மறித்தாள். உடுப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தைத்துவிட்டு, இப்போது நித்திரை கொள்வதற்காக ஓய்வு பெற்றிருப்பவள்.

"விடியற்காலையில் பிளெண்டர் போடுவது நீயா? உன் பெயர் என்ன? எழுத்தெழுத்தாகச் சொல்."

வினோஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. விதுர்சனின் மனுசி, மதுஷனின் சித்தி என்று அறியப்பட்டவளிடம் இந்த நாட்டில் பெயர் கேட்டு எழுதிக்கொண்ட முதல் ஆள். தகப்பன் பெயரையும் சேர்த்து ஆசையாகச் சொன்னாள். இரண்டு நாளில் வீட்டுச் சொந்தக்காரருக்கு முறைப்பாடு போயிற்று. பிரதி: மதாம் வினோஜா அருமைராசா.

"கிழிச்சு எறியும்" என்றான் விதுர்சன். அவள் எறியவில்லை. அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அல்லவா? பிளெண்டரைத் துவாயால் சுற்றிக்கூட அடித்துப் பார்த்தாள். துவாய்தான் கிழிந்தது. மேலும் மூன்று கடிதங்கள் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை, வெட்கத்தோடு அவற்றை அந்த இளைஞன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"'மூன்றாம் மாடியில் வசிக்கும் மதாம் அருமைராசா.' முகவரி இருக்கிறது. தேதி இருக்கிறது. இணைப்பு: நாள்வாரியாகச் சத்தப் பட்டியல், ஆறு பக்கம், பன்னிரண்டு மாதம்! இந்த அம்மா உங்களுக்கு உறவா?"

"இல்லை."

"உங்கள் மேல் ஏதாவது அன்பு?"

"துளியும் இல்லை."

"மாக்னிஃபீக்!" அவன் முத்திரையைக் கையில் எடுத்தான். பிறகு புருவம் சுருங்கியது. "ஒரு சந்தேகம். 'பெப்ரவரி மூன்று, நான்கு, ஐந்து. சத்தம் இல்லை. பெண்ணுக்குச் சுகமில்லையோ?' அந்த மூன்று நாளும் நாட்டை விட்டுப் போயிருந்தீர்களா?"

வினோஜா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சல்" என்றாள். அந்த மூன்று நாளும் வீட்டில் அத்தான் கேட்டது ஒன்றுதான்: "இண்டைக்கும் சம்பல் இல்லையோ?"

முத்திரை விழுந்தது. வினோஜா வசித்தவள் ஆனாள்.

அன்று மாலை வீட்டில் கேக் வெட்டினார்கள். கிருபானந்தன் எழுந்து உரை நிகழ்த்தினார். "இது எங்கடை குடும்ப ஒற்றுமைக்குக் கிடைச்ச வெற்றி. நாங்கள் எல்லாரும் பின்னுக்கு நிண்டபடியால்தான் பிள்ளை இண்டைக்கு முன்னுக்கு வந்திருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். வினோஜா ஒரு கேக் துண்டைத் தட்டில் வைத்து, கீழ்வீட்டுக்குக் கொடுப்பதற்காகப் பேப்பரால் மூடினாள்.

"அது சரி, வகுப்பு எத்தினை மணிக்கு முடியும்?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

"ஆறு மணிக்கு, அக்கா."

"ஐயோ! அப்ப மதுஷனைக் கார்டறியிலை இருந்து ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

வினோஜா தட்டோடு வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்கள்தான், அக்கா. ஒரு வருசமாய் ஒரு நாள் தவறாமல் நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வாறியள். கையெழுத்து இருக்கே!"