சக்கரம் வைத்த குருவிக்கூண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை மிகுந்த வணக்கத்தோடும் அதைவிட மிகுந்த தயக்கத்தோடும் எழுதுவது. இங்கே நான், அவர், குழந்தை வாலு மூவரும் சுகம். உன் ஃபிஞ்ச் குருவிகள் ஆறும் சுகம். ஆறு. காலையில் எண்ணினேன், மதியம் எண்ணினேன், பேனாவை எடுக்கும் முன் ஒரு தரம் போய் எண்ணிவிட்டு வந்தேன். ஆறுதான். இதை முதலிலேயே எழுதக் காரணம், போகப்போக உனக்கு நெஞ்சு படபடக்கும். அப்போதெல்லாம் மேலே வந்து இந்த எண்ணைப் படித்துக்கொள். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? புது ஆபீஸில் உட்கார நல்ல நாற்காலி கொடுத்தார்களா? உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடாமல் இரண்டு மாதம் இழுத்தடித்ததற்கு மன்னித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குவார்ட்டர்ஸில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்கிறாய். இந்தச் செய்தியை நீ அவ்வளவு உயரத்தில் நின்று கேட்க வேண்டாம் என்று பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாயா? சரி.

நீ மாற்றலாகிக் கிளம்பிய அன்று, "குவார்ட்டர்ஸ்ல பறவை வெச்சுக்கக் கூடாதாம்டி, ரெண்டே வருஷம், பத்திரமா பாத்துக்கோ" என்று கூண்டை என் கையில் கொடுத்தாய். வண்டி திரும்பும் வரைக்கும் என்னைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்துத்தான் கையாட்டினாய். அது எனக்கு மறக்கவில்லை. முதலில் ஹாலில்தான் வைத்திருந்தேன். தினை உமி சோஃபாவுக்கு அடியில், காபி டம்ளரில், அவருடைய சட்டைப் பையில் எல்லாம் கிடந்தது, அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் வாலு அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே, "தும்மல் எல்லாப் பிள்ளைங்களும்தான் போடும். வேணும்னா குருவியை வெளிய வெச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி என் காதில் விழவே இல்லை.

வெளியே என்றால் எந்த வெளியே? இந்த ஊர் வானிலை உனக்குத் தெரியாததா? நான் புள்ளியியலில் முதுகலை படித்தவள் இல்லையா, போன வருஷத்து வானிலையை எல்லாம் திரட்டி ஐந்து கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயாரித்தேன். கோடையில் நாற்பத்தைந்து டிகிரி, குளிரில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ், நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஆலங்கட்டி, அதற்கு முன்னும் பின்னும் காற்று. ஐந்தாவது கட்டத்தில் 'நன்றாக இருக்கும் நாட்கள்' என்று தலைப்பு வைத்தேன், அதில் பதினொன்று தேறியது. அட்டவணையைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த அவரிடம் காட்டி, கைப்பிடி அளவு உயிர், பதினைந்து கிராம்கூட இல்லை, இதையெல்லாம் எப்படித் தாங்கும் என்று அழுதேன். அவர் ஒரு முழு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் அழற? பஸ்ஸுக்கும் இதே பிரச்சினைதானே, நாங்க கட்டலையா?" என்றார். அக்கா, அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கும் மனுஷனுக்கு வேறு எதுவும் கட்டத் தெரியாது.

அடுத்த தடங்கல் வீட்டுக்காரர். மாடியில் இருக்கிறாரே, பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர், தெருவே அவரைச் செக்கர் என்றுதான் சொல்லும். "ஏம்மா, என் இடத்துல குழி தோண்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, நிலையா ஒண்ணும் நிக்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்" என்றார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "நிக்காது சார், ஓடும்" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பட்டறையிலிருந்து அது வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. நாலு சக்கரம்! வெயில் காலத்தில் வேப்ப மரத்து நிழலுக்குத் தள்ளலாமாம், குளிரில் வெயிலுக்கு இழுக்கலாமாம், மழைக்குச் சுவர் ஓரம் ஒதுக்கலாமாம். குறை சொல்லக் கூடாது, வேலை சுத்தம். கூரைக்கு இரட்டைத் தகடு, நடுவில் காற்று ஓட ஒரு சாண் இடைவெளி, அடியில் தெர்மகோல். காற்றடிக்கும் பக்கம் முழுத் தகடு. மற்ற பக்கங்களில் அரை அங்குல வலை, அதற்கு மேல் குளிருக்கு இழுத்து மூட பஸ் ஜன்னல் கண்ணாடி. கோடைக்கு மேலே சாக்கு, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஒரு குழாய். ஒரு மூலையில் பல்பு வைத்த சூட்டுப் பெட்டி. குருவி சூடுபட்டுக்கொள்ளாமல் பல்புக்கும் ஒரு கம்பிக் கூடு. ஆனால் அதோடு விட்டாரா? பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி'. ஏறுவதற்குப் படி. குருவி உட்காரும் குச்சிகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர். உள்ளே நீளத்துக்கு ஒரு கயிறு, நுனியில் மணி. "மணி எதுக்குங்க?" என்றேன். "மணி இல்லாம எப்படிடி வண்டியை வெளிய விடுறது?" என்றார்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குருவி தப்பாமல் இருக்க இரண்டு கதவு வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய். வெளிக்கதவைத் திறந்து ஓர் ஆள் நிற்கும் இடத்துக்குள் போய், அதை மூடிவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும் என்று. அதன்படியே செய்தார். ஆனால் வெளிக்கதவுக்குப் பட்டறையில் கிடந்த பஸ் டிக்கிக் கதவின் பூட்டையே மாட்டிவிட்டார். டிக்கியில் சாமான்தான் போகும், ஆள் போவதில்லை. அதனால் அதற்கு உள்ளேயிருந்து திறக்க ஒரு வழியும் கிடையாது. முதல் நாள் தினை போட உள்ளே போனவள் அவர் பட்டறையிலிருந்து வரும் வரை குருவிகளோடு குருவியாக நின்றேன். அதன்பிறகு ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே காவல் என்று பழகிக்கொண்டோம். தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி நானும் தினமும் சொன்னேன், அவரும் தினமும் சரி என்றார்.

இதற்கிடையே உள்ளே எத்தனை சூடு என்று பார்க்க, வாலுவின் ஜுரத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். மதியம் போய்ப் பார்த்தால் பாதரசம் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. நான் போட்ட சத்தத்தில் செக்கர் மாடியிலிருந்து பாதி ஷேவிங்கோடு இறங்கி வந்துவிட்டார். ஜுரத் தெர்மாமீட்டரில் நாற்பத்திரண்டுக்கு மேல் கோடே கிடையாது என்று படித்தவளுக்குத் தோன்றவில்லை. செக்கர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், மேலே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சாயங்காலம். அக்கா, மேலே போய் ஆறு என்று படித்துவிட்டு வா.

நாலு மணி இருக்கும், வானம் மைக்கூடு மாதிரி இருண்டு கிடக்கிறது, செக்கர் இறங்கி வந்தார், வந்தவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு குருவிங்க போகணும், இல்ல நீங்க போகணும், இது என்ன வீடா டிப்போவா?" என்று சொல்லிவிட்டார், வாலுவை இப்போதுதான் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம், வேறு வீடு எங்கே போய்த் தேடுவது, அதற்குள் அவர், "உள்ள குழி கிழி தோண்டியிருக்கீங்களான்னு பாக்கணும்" என்று வெளிக்கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டார், "சார், சார், அந்தக் கதவு..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை, ஸ்பிரிங் கதவு டப்பென்று மூடிக்கொண்டது, அதே நேரம் காற்று வந்தது பார், என் ஜென்மத்தில் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை, வழக்கமாகச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை வைப்போம், அன்றைக்கு என்னவென்றால் அந்த இரண்டும் வாலுவின் பொம்மைகளுக்குத் தலையணையாகிக் கிடந்தன, கேட்டும் திறந்து கிடந்தது, கூண்டு ஒரு குலுங்கு குலுங்கி, மெதுவாக, ரொம்ப மரியாதையாக, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டது. நம் தெரு சரிவு என்று உனக்குத் தெரியும். நான் வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன், ஆலங்கட்டி தகரக் கூரையில் மத்தளம் கொட்டுகிறது, ஆறு குருவிகளும் உள்ளே சுழல்கின்றன, செக்கர் ஒரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்து மணியடிக்கிறார், ஒரு மணி அடித்தால் வண்டி நிற்க வேண்டும் என்று முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவருக்கு, வண்டிக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை. சலூன்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் மழித்த ஆள் வந்தார், அவர்களைப் பார்த்துச் செக்கர், "ஏறாதீங்க! ஓடுற வண்டியில ஏறாதீங்க!" என்று கத்திக்கொண்டே போகிறார். யார் ஏறப்போகிறார்கள்?

தெருக்கோடியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய்ப் பொதக்கென்று நின்றது. அவசர வழி சரியாக மணலுக்குள். நான் மூச்சிரைக்கப் போய் வெளிக்கதவைக் கொஞ்சம் திறந்தேன். "மூடு! மூடும்மா! உள்கதவு திறந்து கிடக்கு!" என்று செக்கர் ஒரு அதட்டல் போட்டார் பார், அப்பாகூட என்னை அப்படி அதட்டியதில்லை. மழை விடும் வரைக்கும் அவர் வெளியே வரவே இல்லை. அவர் வழுக்கை மேல் ஒரு குருவி, சட்டைப் பை விளிம்பில் ஒன்று. மனுஷன் மூச்சுகூட விடவில்லை. சலூன்காரரும் அந்த அரை முகமும் சேர்ந்து மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அவர் உள்ளே இருந்தபடியே "ரைட்... ரைட்... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கியதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டார். அந்த மௌனம்தான் அக்கா என்னைக் கொல்கிறது.

மறுநாளே இவர் சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் டிரம் வைத்துக் கட்டிவிட்டார். தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டார், ஓர் ஆள் அகப்பட்ட பிறகு. ஆனால் இந்த மூன்று வாரமாகச் செக்கர் தினமும் சரியாக ஐந்தரைக்கு இறங்கி வருகிறார். கூண்டுக்கு முன்னால் நின்று, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். என்னென்ன குற்றம் என்று பட்டியல் போடுகிறார் போல. நேற்று ஒரு கட்டுப் புல் கதிரைக் கொண்டுவந்து கூண்டுக்குள் போட்டார், தன் தோட்டத்துக் குப்பையைக்கூட நம் பக்கம் தள்ளும் அளவுக்குக் கோபம். நானும் விடவில்லை, 'இன்று: ஆறு' என்று தினமும் எழுதிக் கதவில் ஒட்டுகிறேன், நம் பக்கம் கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று. குருவிகளுக்கும் அதிர்ச்சி போகவில்லை. அந்தக் கறுப்பு மூக்கும் அதன் ஜோடியும் மாற்றி மாற்றி மூலையில் தொங்கும் பிரம்புக் கூடைக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன, கூப்பிட்டால் வாலை மட்டும் காட்டுகின்றன. நாலைந்து நாளாகக் கதவு வேறு கீச் கீச்சென்கிறது, இரண்டு தரம் எண்ணெய் விட்டாயிற்று, நிற்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அக்கா, எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தவர் யாராவது, கடைக்காரர் வேண்டாம், வளர்க்கிறவராக யாராவது இருந்தால் எழுது. நீயே வந்து கொடுத்துவிட்டுப் போ. என் கையால் கொடுக்க என்னால் முடியாது. நீ விரலில் வைத்து ஊட்டி வளர்த்தவை, என்னை நம்பி விட்டுப் போனாய், நான் இரண்டு வருஷத்தில் ஏழு மாதம்தான் தாங்கினேன். திட்டிப் பதில் போடு, போடாமல் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். தூங்கிக்கொண்டிருக்கும் வாலு எழுந்ததும் உனக்கு ஒரு முத்தம் தருவதாக அவள் சார்பில் நான் எழுதுகிறேன்.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தங்கை

பின்குறிப்பு: அக்கா, வராதே! மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. உறையில் போடப்போகும் நேரத்தில் மணி ஐந்தரை, செக்கர் வந்துவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு, "சார், அக்காவுக்கு எழுதிட்டேன், எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றேன். "யாரை எடுத்துட்டுப் போறது?" என்று நோட்டை நீட்டினார். பிரித்துப் பார்க்கிறேன்: '5.40, கறுப்பு மூக்கு குளித்தது. 5.52, மூன்றாம் நம்பர் குச்சியில் சண்டை. கதிர் பிடிக்கிறது, நாளையும் கொண்டு வர வேண்டும்.' மூன்று வாரமும் இதேதான். "செங்கல் மேல எத்தனை நாளைக்கு நிக்கும்? ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரரை நாலு குழி தோண்டி, சிமென்ட் போட்டு, நிலையா நிறுத்தச் சொல்லு. அந்த மணியை மட்டும் எடுக்கக் கூடாது" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் கதவில் ஒட்டியிருந்த என் காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? தினமும் ஆறு ஆறுன்னு ஒட்டுறியே, கூடைக்குள்ள எட்டிப் பாத்தியா? கீச் கீச்சுங்குதுன்னு கதவுக்கு எண்ணெய் விடுற! முப்பத்தொரு வருஷம் செக்கரா இருந்திருக்கேன், என் கண்ணுக்குத் தப்புமா? டிக்கெட் இல்லாம மூணு பேர் உள்ள இருக்காங்க."

ஆகவே, மேலே உள்ள எண்ணைத் திருத்தி ஒன்பது என்று படித்துக்கொள்.