பதினோராம் நூற்றாண்டு வண்டியில் ரயர்

ஸ்காபரோ, கனடா,
மாசி 14

மதிப்புக்குரிய ஜெயரட்ணம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் தியாகலிங்கம் எழுதிக்கொள்வது. நல்லூரான் காவலில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால் சீனியும் பிரஷரும் அளவாக இருக்கின்றன. மற்றவைதான் அளவு தப்பிவிட்டன.

போன கிழமை தொலைபேசியில், "உம்மட சரித்திர வகுப்பு எப்பிடிப் போகுது?" என்று கேட்டீர்கள். நல்லாப் போகுது என்றேன். அது பொய். முப்பத்தொரு வருடம் சரித்திரம் படிப்பித்தவன் மகன் வீட்டு பேஸ்மென்டில் இருந்துகொண்டு ஜன்னலில் ஏறும் பனியை எத்தனை நாள் பார்ப்பது என்று, இங்குள்ள முதியோர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் சோழர் காலம் நடத்தத் தொடங்கினேன். முதல் வகுப்புக்கு இருபத்திரண்டு பேர். நான்காவதற்கு ஐந்து பேர். அதில் இருவர் நித்திரை, ஒருவர் யோகாசன வகுப்பென்று நினைத்து வந்தவர். சங்கத் தலைவி துர்க்கா ஊரில் தாதியாக இருந்தவர், நோயாளிக்கு உண்மையை மறைக்கத் தெரியாதவர். "மாஸ்டர், உங்கட மெய்க்கீர்த்தியை ஆர் கேக்கப்போயினம். ஒரு ராசா படத்தைப் போட்டுக் காட்டுங்கோ, சனம் வரும்" என்றார். இடையிடையே படத்தை நிறுத்திச் சரித்திரப் பிழைகளை விளக்குவேன் என்ற நிபந்தனையில் சம்மதித்தேன்.

சனம் வந்தது அத்தான், அறுபது பேர். என் நிபந்தனைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அரண்மனைச் சமையலறையில் செத்தல் மிளகாய் காய்ந்தது, நிறுத்தினேன். இந்த அரசன் இறந்து ஐந்நூறு வருடம் கழித்துப் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சாமான் இது என்றேன். "அப்ப ராசா கறிக்கு என்னத்தைப் போட்டவர்?" என்று ஒருவர் கேட்டார். மிளகு என்றேன். "பாவம்" என்றார். அதன்பிறகு அரை மணித்தியாலம் கறியைப் பற்றியே கதை. கணினியை இயக்கும் சீமோன் குருநகர்க்காரர், இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைகாட்டினால் நிறுத்துவார், ஆனால் அரசி பாடும்போது மட்டும் அசையமாட்டார். "பாட்டுக்குள்ளை நிப்பாட்டினா பாவம் மாஸ்டர். பஸ் ஸ்ரொப் வரட்டும்."

மூன்றாம் செவ்வாய்தான் என்னை அழித்தது. கோட்டை விழுகிறது, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டு ஓடுகிறார்கள். மூலையில் போன ஒரு மாட்டுவண்டியின் சில்லில் கன்னங்கரேலென்று ரப்பர் ரயர். எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவேன். நிறுத்தச் சொல்லி, தடியோடு திரையடிக்குப் போய், "பதினோராம் நூற்றாண்டிலை ரயர், பாத்தீங்களோ" என்று சொல்லிச் சிரிப்புக்காகக் காத்து நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் யோகராணி என்றொரு அம்மா இருந்தார், இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் போகிறவர். இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"தொண்ணூற்றைஞ்சிலை யாழ்ப்பாணத்தை விட்டு ஓடேக்கை எங்கட அம்மாவை நாங்கள் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டுதான் போனனாங்கள். அதுக்கும் ரயர்தான் மாஸ்டர். நாவற்குழிப் பாலத்திலை காத்துப் போட்டுது."

பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தை ஓடவிடும்படி சீமோனுக்குக் கைகாட்டினேன். அவர் எதையெதையோ அமத்தினார், கணினி இறுகிப்போனது. அந்தச் சனம் மூட்டையோடு சுவரில் நிற்க, அறுபது பேர் இருபது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கோட்டை பிழையாகத் தெரிந்தது, சேலையின் கரை பிழையாகத் தெரிந்தது, நடை மட்டும் சரியாக இருந்தது.

அத்தான், உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்று. அன்று அதே பாலத்தால் நாங்களும் போனோம். என் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது பாடக்குறிப்புப் பெட்டி. என்னைக் கட்டிய உங்கள் தங்கை அரிசிப் பையோடு பின்னால் நடந்து வந்தா, மழையில், கால் வீங்கி. இருபத்தைந்து வருடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே இங்கே கண்ணை மூடிவிட்டா. ஒரு தடவை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஊரில் பாடத்தை யாழ்ப்பாண ராச்சியம் விழுந்த ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பதோடு நிறுத்துவேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்ட பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தில் இல்லை என்று சொன்னேன்.

ஆகையால் முடிவெடுத்துவிட்டேன். துர்க்காவிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுச் சித்திரைக்கு முன் ஊருக்கு வருகிறேன். நெல் மூட்டை அடுக்கியிருக்கும் உங்கள் வீட்டுப் பின்னறையை ஒதுக்கித் தந்தால் போதும். இனிச் சோழரும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம்.

அக்காவுக்கு என் பணிவு. உங்கள் முழங்கால் நோ தணிய வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

தியாகலிங்கம்

பி.கு: பனிப்புயலில் இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை, அதற்குள் அடுத்த செவ்வாயும் வந்துவிட்டது. விலகல் கடிதத்தோடு போனேன். யோகராணி வாசலிலேயே மறித்தா. "மிச்சப் படத்தைப் போடுங்கோ மாஸ்டர். அந்தச் சனம் எங்கை போய்ச் சேர்ந்தது எண்டு பாக்க வேணும்." போட்டோம். படத்துச் சனம் ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்ததும் எல்லோருமாக நின்று ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் மட்டும் எட்டுப் பிழைகள் அத்தான். ஒன்றையும் நான் சொல்லவில்லை. பின்னறையில் நெல் மூட்டையே இருக்கட்டும். வருகிற கிழமை வேறு படம் போடுகிறோம்.