வாடகைக்குப் போன வகுப்பறை

ஆன்லைனில் மொழி சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொல்லித்தர ஒன்றும் இல்லாதபோது மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, தனித்தனி அறைகளில் போட்டு, "பேசிப் பழகுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது. நானும் அந்தக் கூட்டம்தான்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து, கொச்சிக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு மலையாளம் கற்பிக்கும் வேலை. அன்று சோதனை வகுப்பு. மேலாளர் மேடம் தன் கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை. (மேலே இஸ்திரி போட்ட சட்டை. கீழே கைலி. யார் பார்க்கப் போகிறார்கள்?)

வாடகைக்கு வீடு கேட்பதுதான் பயிற்சி. பிரித்துப் பார்த்தால், தோப்பும்படி ஹோட்டலில் வேலை பார்க்கும் செல்வம் மட்டும் ஜோடியில்லாமல் நின்றார். கீழே மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அஞ்சு நிமிஷம் வீட்டுக்காரியா நடி."

"நடிக்க என்னடா இருக்கு? நான் வீட்டுக்காரிதானே?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் போனில் வகுப்பைத் திறந்துகொடுத்துவிட்டு, மேலே வந்து ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தேன். ஒன்றில் இருவருமே மௌனவிரதம். இன்னொன்றில், வைட்டிலாவில் மதுரை பஸ் எங்கே நிற்கும் என்று சுத்தத் தமிழில் ஆராய்ச்சி. மேடம் எட்டிப் பார்ப்பதற்குள் எல்லோரையும் பொது வகுப்புக்கே திரும்ப அழைத்தேன்.

அம்மாவும் வந்தாள். திரைக்கு மட்டுமல்ல, போனை நீட்டிப் பிடித்தபடி படியேறி என் அறைக்கே வந்துவிட்டாள்.

"நல்லா பாத்துக்கோ மோனே. ஜன்னல் ரண்டு உண்டு. காத்து வரும். இவன் என் மோன். ஹால்ல படுத்துக்குவான்."

போனும் கணினியும் சேர்ந்து ஊளையிட்டன. கைலியோடு நான் மொத்த வகுப்புக்கும் தரிசனம் தந்தேன். (முழங்காலுக்கு மேல் ஒரு கிழிசல் வேறு.)

"அம்மா, இது சும்மா பயிற்சி!"

"என்ன சும்மா? பாவம், அவன் நெஜமாவே ரூம் தேடுறான்டா. நான் வாக்கு கொடுத்தாச்சு."

"சேச்சி, ஞாயறாழ்ச்ச வரட்டே?" என்றார் செல்வம். அன்று மாணவர்கள் வாயிலிருந்து என் காதில் விழுந்த ஒரே மலையாளம் அதுதான்.

மேடத்தின் கேமரா திறந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒரு ரூம்லயாவது ஆளுங்க பேசினாங்களே! வேலை உறுதி. அம்மாவை விட்டுடாதீங்க."

செல்வம் ஞாயிற்றுக்கிழமையே பெட்டியோடு வந்துவிட்டார். நான் இப்போது சமையலறை மேசையிலிருந்து பாடம் நடத்துகிறேன். "இரண்டிரண்டு பேராகப் பேசுங்கள்" என்று வாயெடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மொத்த வகுப்புக்கும் கேட்கும்:

"ரூம் ஒண்ணும் காலியில்லன்னு மொதல்ல சொல்லிடுடா!"