குடை எடுத்துக் கொடுத்த அண்ணன்

டென்மார்க்கில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, இரண்டு பெட்டி நிறையச் சாமான்களோடு, மற்றவர்கள் சொல்வதை அப்படியே நம்பும் கெட்ட பழக்கம் ஒன்றையும் கொண்டு வந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

எல்ல என்ற மலையூரில் ஒரு விடுதியில் மேசை துடைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி டென்மார்க்குக்கு வேலைக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஊர் ஹோட்டலில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், விருந்தாளியிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும் என்பது. வேண்டாம் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். வற்புறுத்தினால் அநாகரிகம். எட்டு வருடத்தில் அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது.

தெமோதரைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்த முதல் நாளே அதன் அடையாளம் தெரிந்தது. தேத்தண்ணீர் கொடுத்த அம்மாவிடம் நன்றி சொன்னேன். "எதுக்குடா நன்றி? நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம், வருவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிவிட்டு வந்தால் வசதியாக இருக்கும் என்றேன். (இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.) அவர் ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி. பெரியது ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

தங்கச்சி சுமதியைப் பெண் பேச, நமுனுகுலயிலிருந்து ஒரு வேனில் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். சுமதிக்கு அவரை ஏற்கெனவே பிடித்திருந்தது. (அவரை எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.) அப்பா இல்லாத வீடு. அதனால் முன்னுக்கு நின்று கவனிக்க வேண்டியவன் நான். தாய்மாமா ஒருவர் துணைக்கு இருந்தார். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து நாளும் ஏறக்குறையக் குறித்தாயிற்று. சோடா போதாது என்று மாமா கடைக்குக் கிளம்பினார். அம்மா பின்பக்கம் அடுப்படியில் கோழிக்கறியை இறக்கிக்கொண்டிருந்தார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள், பேச்சு ஒத்துவந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்து போனால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தது எங்கேயோ பெட்டிக்குள் அடியில் கிடந்தது.

"சாப்பிடலாங்களா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வேணாங்க தம்பி, வரும்போதே சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மரியாதையாகப் புன்னகைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அப்ப நாங்க கெளம்புறோம்" என்றார். வெளியே தூறல். நான் ஓடிப்போய் வாசலில் சாத்தியிருந்த அவர்களுடைய குடைகளை எடுத்து, ஒவ்வொன்றாக விரித்துக் கையில் கொடுத்தேன். ஆளுக்கொரு கை குலுக்கல் வேறு. லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. எவ்வளவு நேர்த்தியாகக் கவனிக்கிறான் என்று மெச்சுகிறார்கள் போலும் என நினைத்துக்கொண்டேன்.

அம்மா சோற்றுத் தாச்சியோடு வந்து, "எங்கடா அவங்க?" என்றார்.

"போயிட்டாங்கம்மா. சாப்பிட்டுத்தான் வந்தாங்களாம்."

அம்மா தாச்சியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வளைவில் வேனைப் பார்த்துக் கைகாட்டிய மாமாவை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லையாம். சோடாப் போத்தல்களோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். சுமதி அறைக்குள்ளிருந்து வந்து, "அண்ணே, நீ அங்கேயே திரும்பிப் போயிரு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுடைய வாழ்க்கையை நானே குடை பிடித்து வழியனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் சகிதம் மாமாவும் நானும் பதுளை போய் பஸ் மாறி நமுனுகுல போனோம். வழி முழுக்க எனக்குப் பாடம். "மொதத் தரம் வேணாம்னா அது மரியாதைக்குடா. ரெண்டாந்தரம் நம்ம மனசைப் பாக்குறதுக்கு. மூணாந்தரம் கையைப் புடிச்சு இழுத்து உக்கார வைக்கணும்."

அங்கே போய், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் என் மடத்தனம் என்று ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா முகம் இறுகியே இருந்தது. உள்ளேயிருந்து கருவாடு பொரிக்கும் வாசம் வந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்பிடுறீங்களா தம்பி?"

புதிதாகப் படித்த பாடமாயிற்றே. "வேணாங்க, சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்றேன் பணிவாக.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஐந்து நிமிடம் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தோம். பிறகு உள்ளே யாரோ பெண்கள் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டில் சோற்றோடு வந்த அந்த அம்மாள், "எப்படிங்க தம்பி இருந்துச்சு?" என்றார். நேற்றுத் தங்களுக்கும் இப்படித்தான் இருந்தது என்பதை அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. வெட்கத்தை விட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டு முடிக்குமுன் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு அதே வேன் வந்தது. என்னை வாசல் பக்கமே விடவில்லை. ஏழு பேரும் கை நனைத்தார்கள்.

கல்யாணத்தன்று சீதனப் பாத்திரங்கள் எல்லாம் வேனில் ஏறிய பிறகு, மாப்பிள்ளை தனியாக என்னிடம் ஒரு நீளப் பொதியைத் தந்தார். பிரித்தால் புத்தம் புதுக் குடை. அதை இன்றைக்கும் வீட்டு வாசலில்தான் மாட்டி வைத்திருக்கிறோம். சாப்பிட வந்தவர்கள் யாராவது இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்று பிகு பண்ணினால் அம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டி, "இப்ப உக்காருறீங்களா, இல்ல எம் மகனக் கூப்பிடவா?" என்பார். உடனே உட்கார்ந்துவிடுகிறார்கள்.