மூவாயிரம் நாள் பாதுகாப்பு

பழைய டாங்கிக் குண்டுகளைப் பிரித்தெடுக்கும் அந்தக் கிடங்கின் மூவாயிரம் நாள் பொற்காலத்தில் ஒரே ஒரு விதிமீறல்தான் நடந்தது. பகல் பதினொரு மணிக்கு, 'வராந்தாவில் ஓடாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே, கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள் ஓடினாள்.

சும்மா ஓடவில்லை, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினாள். வராந்தாவின் கோடியில் பட்டறை. அங்கே அவள் தம்பியின் கிரைண்டர் வீறிட்டுக்கொண்டிருந்தது.

டாங்கிக் குண்டில் ஒரு ரகம் உண்டு. அதற்குள் இருப்பது வாலில் அலுமினியச் சிறகு வைத்த ஒரு நீள அம்பு. பயிற்சிக்கென்றால் அம்பு இரும்பு. போருக்கென்றால் யுரேனியம் மாதிரி கனத்த உலோகம். குழப்பம் வரக்கூடாது என்று பயிற்சிச் சரக்குக்கு நீலம் அடித்துவைப்பது வழக்கம். கிடங்கின் 'அழகுபடுத்தல் குழு' இந்த ஏற்பாட்டை இன்னும் மேன்மைப்படுத்தியது. போன வருஷம் ஆய்வுக்கு வந்த மேலதிகாரியின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டுமென்று எல்லா அம்புகளுக்கும் நீலம் அடித்துவிட்டது. ஒரே நாளில் கிடங்கு முழுவதும் 'ஆபத்தற்றது' ஆயிற்று. விஞ்ஞானம் செய்யாததை ஒரு வாளி பெயின்ட் செய்தது.

அந்த அம்புகளில் ஒன்றை மெருகேற்றி, 'மூவாயிரம் நாள் விபத்தில்லாப் பணி' விருதுச் சின்னமாக மூன்று மணிக்கு மேடையில் வைப்பதாக ஏற்பாடு. அதே பெட்டியில் மிஞ்சியிருந்த இன்னொரு அம்பைத்தான் அம்மாள் ஐந்து நிமிஷம் முன்பு தராசில் வைத்தாள். இரும்பானால் இரண்டு கிலோ காட்டவேண்டியது, ஐந்தைத் தொட்டது. முதல் அம்பு அந்நேரம் தம்பியின் கிரைண்டரில் இருந்தது.

உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னக்கா நீ! இன்னும் முனைகூடப் பளபளக்கல. மூணு மணிக்கு விழா!"

"பேசாத. மூச்சு விடாத. வெளிய வா."

"மூச்சு விடாம எப்படிக்கா வர்றது?"

அவன் முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை கரித்துணியாக மாறியிருந்தது. மேஜையில் படிந்த கருந்தூளில் இன்னும் சில பொறிகள் தாமாகவே கனன்றுகொண்டிருந்தன. அவன் பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்தான்.

"தொடாதடா! கூட்டினா பறக்கும். தண்ணியும் ஊத்தாத. உலர்ந்த மணலைப் போடறேன், நீ முதல்ல வெளிய போ. சட்டையை உதறாமக் கழட்டு. கையை நல்லாக் கழுவு."

"நீலம் அடிச்சிருக்கேக்கா. நீலம்னா பயிற்சிதானே?"

"நீலம் அடிச்சது யாருடா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நான்தான். ஆபீஸ் ஆர்டர்."

அம்மாள் மணலைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பத்தடி தள்ளிப் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். நடந்தே வந்திருந்தார், விதி தவறாதவர்.

"மெஷினை நிறுத்தினது யாரு? நிறுத்தறதுக்கான அனுமதிச் சீட்டு எங்கே?"

"சார், இது இரும்பு இல்ல. தம்பி ஒரு மணி நேரமா இந்தத் தூளைச் சுவாசிச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என்ன உலோகம்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியான டெஸ்ட் எடுக்க முடியும். ஒரு வரி எழுதிக் கொடுங்க."

"உலோகத்துக்குப் பேர் சொல்றது 'அடையாளம் காணும் குழு'வோட அதிகாரம். அடுத்த மாசம் கூடும். அதுவரைக்கும் 'தூசி ஒவ்வாமை'ன்னு வேணா எழுதித் தரேன். கையெழுத்து, முத்திரை எல்லாம் பளிச்சுனு இருக்கும்."

தம்பி இருமினான். அதிகாரி மரியாதையாக இன்னும் இரண்டடி பின்வாங்கினார்.

"முத்திரையைப் பாத்தா டாக்டர் வைத்தியம் பண்ணுவாரு?" அம்மாளுக்குக் குரல் உயர்ந்தது. "எட்டுப் பேர், ஏசி ரூம், மாசா மாசம் கூட்டம். நான் ஒரு தராசை வெச்சு அஞ்சு நிமிஷத்துல சந்தேகப்பட்டதை உங்க குழுவால கண்டுபிடிக்க முடியலையே! தண்டக் குழு சார் அது!"

அதிகாரியின் முகம் சிவந்தது. அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குழுவைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

"வார்த்தையை அளந்து பேசுங்கம்மா! எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அது யுரேனியம். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி எழுதி வாங்கிட்டோம். தூள் உள்ள போனா கிட்னியைப் பாக்கணும்ங்கிறது வரைக்கும் ஃபைல்ல இருக்கு!"

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"தெரிஞ்சுமா சார் என் கையில கொடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதாம்ப்பா உனக்குக் கொடுத்தோம்" என்றார் அதிகாரி, பொறுமையை வரவழைத்துக்கொண்டு. "நீ ஒப்பந்தத்துல வந்த ஆள். நிரந்தர ஊழியருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது விபத்துக் கணக்குல ஏறிடுமே!"