எட்டாம் எண் வீட்டுச் சுவரில் விழுந்த ஓட்டை

கிராட்ஸ்,
மே 12, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஓட்டோவுக்கு, அக்கா ஹெர்லிண்டே ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். அதாவது உயிரோடு இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று வில்மாவிடம் சொல்லி மகிழ வேண்டாம். அதற்குக் காரணம் வேறு, கீழே வருகிறது. உன் முட்டிவலியும், வில்மாவும், வில்மாவின் பூனையும் நலமா என்று அறிய ஆவல்.

முதலில் முக்கியமான விஷயம். நீ ஜெயித்துவிட்டாய். லேயோபெனில் உன் வீட்டுக்கு எதிரே நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு நான் வந்துவிடுகிறேன். நீ பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்த ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டு, காகிதங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை வண்டியோடு வா. நாலு வருஷமாகக் கெஞ்சியும் அசையாதவள் இப்போது எப்படி அசைந்தாள் என்று நீ கேட்பாய். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டையும் ஒரு கம்பெனி வாங்கி, என்னுடையது தவிர மற்ற பதினொன்றுக்கும் வெள்ளையடித்து, வீட்டுக்கு ஒரு கெட்டிலும் இரண்டு கரண்டியும் வைத்து, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுவது உனக்குத் தெரிந்ததே. எளிமையான தங்குமிடம், நகரின் மையத்தில் என்று விளம்பரம். மையம் என்பது உண்மை. யாகோமினி சதுக்கத்தில் டிராம் திரும்பினால் என் சமையலறையில் கரண்டி ஆடும். எளிமை என்றால் ஆளே கிடையாது என்று அர்த்தம். வருகிறவர்களின் போனுக்கு ஒரு எண் வரும், அதைக் கதவில் அழுத்தினால் திறக்கும், விருந்தோம்பல் அத்துடன் முடிந்தது. மிச்ச விருந்தோம்பலை ஏழாம் எண்ணில் வாடகைக்குக் குடியிருக்கும் நான் செய்து வருகிறேன். மாடிப்படி விளக்கு எங்கே, கண்ணாடி பாட்டிலை எந்தத் தொட்டியில் போடுவது, உப்பு இருக்கிறதா, இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா. போன வாரம் ஒரு டென்மார்க்காரர் நாம் சாலட்டுக்கு ஊற்றும் கறுப்புப் பூசணி விதை எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்து, இது வண்டிக்கு ஊற்றுவதா என்று கேட்டார். முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டினேன். அங்கேகூட ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் நான் போகவில்லை. நேற்று நடந்ததுதான் என்னை ஆட்டிவிட்டது.

பக்கத்து எட்டாம் எண்ணில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் ரோஸ்விதா, நாட்டின் மேற்குக் கோடியில் ஃபோரார்ல்பெர்க் மலைப் பக்கம். அவள் பேசுவதும் நம் பாஷைதான் என்று அரசாங்கம் சொல்கிறது. கூடவே லேனி என்று இரண்டு வயசுப் பெண் குழந்தை. புருஷன் வேலையை முடித்துக்கொண்டு புதன்கிழமை வந்து சேர்ந்துகொள்வானாம். நேற்றுக் காலை எட்டு மணி இருக்கும், நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டுகிறார்கள். உப்புக்கு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். திறந்தால் இவள், வெறுங்காலோடு, கையில் காலிக் குப்பைக் கூடை.

"அம்மா, எம் பொண்ணு உள்ள இருக்கா. கதவு சாத்திக்கிச்சு."

"நம்பரை அழுத்தும்மா."

"அழுத்திட்டேன். பச்சை விளக்கு எரியுது, கதவு வரல. உள்தாழ்ப்பாளைத் திருகிட்டா."

"அடுப்புல ஏதாவது வச்சிருக்கியா?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "பால். ரவைக் கஞ்சிக்கு," என்றாள்.

தம்பி, அந்த வீடுகளில் அடுப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? வாசல் கதவை ஒட்டி. இடத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். கதவில் கடிதம் போடும் துளை இருக்கிறதே, அது வழியாக நான் குனிந்து பார்த்தேன். பாத்திரத்தின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு துணி தொங்குகிறது, குழந்தை அம்மா குரல் கேட்கிற திசையைப் பார்த்து ஓடி வருகிறது. அம்மா கூப்பிடக் கூப்பிட அது அடுப்புக்குத்தான் வருகிறது. புரிகிறதா? நான் அவள் வாயைப் பொத்தினேன். "கூப்பிடாதே. நீ ஒரு சத்தமும் போடக் கூடாது. பார்த்துக்கிட்டே இரு, என்ன பண்ணுதுன்னு எனக்கு மட்டும் சொல்லு," என்றேன். பெற்றவளிடம் அப்படிச் சொன்னது நான்தானா என்று இப்போது எழுதும்போது ஆச்சரியமாக இருக்கிறது. அவள் ரெண்டு கையாலயும் தன் வாயை மூடிக்கிட்டு அந்தத் துளைக்கு முன்னால மண்டிபோட்டு உக்காந்துட்டா.

தீயணைப்புக்குப் போன் பண்ணினேன். கிளம்பிட்டோம், ஆனா தண்டவாள வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கு, சுத்தித்தான் வரணும்னாங்க. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். எங்களுடன் மகிழ்ச்சியாகத் தங்கியிருந்தால் ஒன்றை அழுத்தவும்னு ஒரு மிஷின் சொல்லுச்சு. அதுக்குள்ள மேல பதினொன்றாம் எண்ணுலேருந்து கால்மான்னு ஒரு ஹங்கேரிக்காரர் இறங்கி வந்தார், பாதி முகத்துல சவர நுரை, இடுப்புல துண்டு. அவர் புடாபெஸ்ட்டுல பல் டாக்டர். நம்ம பாஷை அவருக்கு எவ்வளவு தெரியும்னா, பல்லைப் பிடுங்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு. என்னைப் பார்த்ததும், "எங்கே வலிக்குது?" என்றார். நான் கதவைக் காட்டினேன், அடுப்பைக் காட்டினேன், இவ்வளவு உயரம்னு குழந்தையைக் காட்டினேன். மனுஷன் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. நேரா என் சமையலறை ஜன்னலுக்குப் போய், வெளிய இருக்கிற உள்ளங்கை அகலத் திட்டுல கால வைக்கப் பார்த்தார். ரெண்டாவது மாடி. துண்டைப் பிடிச்சு இழுத்தேன்.

அப்பதான் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்துச்சு. ஏழும் எட்டும் ஒரு காலத்துல ஒரே வீடு, நடுவுல ஒரு கதவு உண்டு. நான் குடிவந்த வருஷம் அதை ஆணியடிச்சு மூடி, மேல சுவர்த்தாள் ஒட்டி, முன்னால அம்மாவோட தட்டு அலமாரியை நிறுத்தினது யார்? நீதான். அலமாரியைக் காலி பண்ண நேரம் இல்லை ஓட்டோ. தள்ளுங்கன்னேன், தள்ளினார், அது சாய்ஞ்சது. தங்கக் கரை போட்ட இருபத்து நாலு தட்டும் போச்சு. உனக்குப் பன்னிரண்டு எனக்குப் பன்னிரண்டா, இல்லை மூத்தவளுக்கு முழுசுமா என்று இத்தனை வருஷமாக நாம் பேசிவந்த விஷயம் இத்துடன் தீர்ந்தது.

சுவர்த்தாளைக் கிழிச்சா ஆணி. நீ பதினாறு ஆணி அடிச்சிருக்கே. ஒரு கதவுக்கு எதுக்குடா பதினாறு ஆணி? அந்தப் பக்கத்துலேருந்து யார் வந்துடுவான்னு பயந்தே? கால்மான் என் பழைய இரும்புக் குறட்டை எடுத்துக்கிட்டு முட்டி போட்டார். பிடுங்கறது அவருக்குப் பழக்கம். ஒவ்வொரு ஆணிக்கும், "கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான், வாயைத் திறந்தே வைங்க," என்று சுவருக்குத் தைரியம் சொன்னார்.

ஆனா குழந்தை? என் வாசலும் திறந்திருந்ததால ரோஸ்விதா சொல்றது கேக்குது. "அடுப்புக்கிட்ட நிக்கறா. துணியைத் தொடறா." அது கிசுகிசுப்பு இல்லை, மூச்சு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சோபா இருக்குன்னு எனக்குத் தெரியும். குழந்தையை எப்படியாவது அங்க கொண்டுவரணும். கதை சொல்ல எனக்கு வராது, பாட்டும் வராது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். சுவரைத் தட்டி, டிங் டிங்னு மணியடிச்சு, "நாலாம் எண் வண்டி புறப்படுகிறது. பயணிகள் அனைவரும் சோபாவில் உட்காரவும்," என்றேன். மறுபடி மணியடிச்சேன். "வர்றா," என்றாள் ரோஸ்விதா. "உக்காந்துட்டா."

அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. ஆண்ட்ரிட்ஸ்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு நிறுத்தமா வந்தேன். ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்துலேருந்து சின்னக் குரல்ல "டிங்" வரும். குரல் வந்தா அடுத்த ஆணி. புகை வாசனை வர ஆரம்பிச்சுடுச்சு, தீய்ஞ்ச பால். ஏழு ஆணி, எட்டு ஆணி. கெப்லர் பாலம் சொன்னேன், டிங். அதுக்கப்புறம், ஓட்டோ, அடுத்த நிறுத்தம் என்னன்னு எனக்கு வரலை. முப்பத்தோரு வருஷம் ஓட்டின தடம். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வாயைத் திறக்கறேன், ஒண்ணும் இல்லை, ஈரச் சிலேட்டு மாதிரி. "எந்திரிச்சுட்டா," என்றாள் ரோஸ்விதா. கால்மான் குறட்டோடு திரும்பி என்னைப் பார்க்கறார். "அம்மா, அடுப்புக்குப் போறா."

"லேயோபென்," என்றேன். அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். எந்த டிராமும் அங்க போனதில்லை. "அடுத்த நிறுத்தம் லேயோபென். என் தம்பி வீடு. எல்லாரும் உட்காரணும், வண்டி வேகமாப் போகப் போகுது." நான் என் நெற்றியைச் சுவர்ல வச்சுக்கிட்டேன். அப்புறம் வந்தது, டிங். அதுக்குப் பிறகு எனக்கு எது வாயில வந்துச்சோ அதெல்லாம் நிறுத்தம். உன் பெயர், வில்மா பெயர், பூனை பெயர், நம்ம பள்ளிக்கூட வாத்தியார் பெயர்.

பதினாறாவது ஆணி வந்ததும் கால்மான் தோளைக் கொடுத்தார். கதவு திறந்து சோபாவை இடிச்சது, சோபா குழந்தையோட சேர்ந்து நகர்ந்தது. "வண்டி ஓடுது," என்றாள் லேனி. அவர் அந்தச் சந்துல உடம்பை நுழைச்சு உள்ள போனார். துணியோட ஓரத்துல தீப் பிடிச்சு, அலமாரிக் கதவு வரைக்கும் கருப்பாயிருந்தது. துணியைப் பாத்திரம் கழுவற தொட்டியில போட்டு, அடுப்பை அணைச்சு, ஜன்னலைத் திறந்துட்டு, அப்புறம்தான் துண்டு எங்கேன்னு தேடினார். ரோஸ்விதா உடைஞ்ச தட்டு மேலயே வெறுங்காலோடு ஓடி வந்தா. கால்ல ரத்தம். அவளுக்குத் தெரியலை. குழந்தையைத் தூக்கிக்கிட்டு, அப்படியே அலமாரி மேல உக்காந்துட்டா. குழந்தை என்னைப் பார்த்து, "அடுத்தது?" என்றது.

தீயணைப்புக்காரர்கள் ஆறு பேர் அப்போதுதான் கோடாலியோடு வந்தார்கள். ஆறு பேருக்கும் காபி போட்டேன், வேறு என்ன செய்வது.

இன்று காலை கம்பெனியின் மேலாளர் பிர்ஹெகர் வந்தார். நல்ல கோட்டு. ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செக்னர் அம்மா, கம்பெனிச் சுவரை உடைச்சிருக்கீங்க."

"உடைக்கலை. கதவைத் திறந்தேன்."

"எங்க வரைபடத்துல அங்க கதவு கிடையாது."

"உங்க வரைபடத்துல ஆளும் கிடையாது தம்பி," என்றேன்.

அவருக்குக் கோபம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருமாம், வக்கீல் எழுதுவாராம். அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நோட்டீஸுக்கு நான் பயப்படவில்லை. அந்தக் கெப்லர் பாலத்துக்குத்தான் பயப்படுகிறேன். ஷ்லோஸ்பெர்க் ரயில், ஓட்டோ. அதுதான் அடுத்த நிறுத்தம், மலையேறும் ரயிலடி. குழந்தையை வெளியே எடுத்து அஞ்சு நிமிஷத்தில் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் வரவில்லையே. தனியாக இருக்கிறவளுக்கு அப்படி இன்னொரு நிமிஷம் வந்தால், அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? நீ நாலு வருஷமாகச் சொன்னதும் இதுதான். நான்தான் கேட்கவில்லை. ஆகவே கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை வா. அலமாரியை இறக்க ஆள் தேவையில்லை, அது இனி அலமாரி இல்லை.

வில்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் கடவுள் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் தனியாக நல்ல முட்டியையும் தரட்டும்.

உன் அன்பு அக்கா,
ஹெர்லிண்டே செக்னர்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: கடிதத்தைத் தபாலில் போட நேரம் கிடைக்கவில்லை. நாளை வண்டியோடு வர வேண்டாம். உறையில் காகிதங்களைத் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன். ரோஸ்விதாவின் புருஷன் வந்துவிட்டான்; தங்கலைப் பத்தொன்பதாம் தேதி வரை நீட்டித்திருக்கிறார்கள். எட்டாம் எண்ணில் அடுப்பு வேலை செய்யாததால் நாலு பேருக்கும் இங்கேதான் சமையல். கால்மானும் இறங்கி வந்தால் ஐந்து. நோட்டீஸ் அனுப்பினால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறோம் என்று தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் தன் அறிக்கையின் நகலோடு பிர்ஹெகருக்கு எழுதியிருக்கிறாராம். பிர்ஹெகர் இப்போது போனில் என்னிடம் "எப்படி இருக்கீங்கம்மா" என்கிறார். இன்று காலை ஓட்டையை அடைக்க ஒரு கொத்தனார் செங்கல்லோடு வந்தான். குழந்தை தூங்குகிறது, சத்தம் கூடாது என்று சொல்லிக் காபி கொடுத்தேன். அவர்கள் ஊருக்குப் போனதும், இருபதாம் தேதி வரட்டுமா என்று கேட்டான். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அந்தப் பக்கத்துக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம் என்றேன்.