தலகாணி இன்ஜினியரும் எண்பது மூட்டை நெல்லும்

உலகத்திலேயே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போய், வேலை நேரத்தில் கால் நீட்டிப் படுத்து, அப்படிப் படுத்ததற்காகவே ஊர் முழுக்க மரியாதை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஆரணி தலகாணி இன்ஜினியர்தான். நம்பாதவர்கள் ஆரணிக்கு வந்து ஏதாவது ஒரு பழைய வீட்டை விலை பேசிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் அந்தத் தலையணை உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.

அவருக்கு முறையான பெயர் உண்டு, பட்டம் உண்டு, ‘பழைய வீடுகள் ஆய்வு’ என்று பலகையும் உண்டு. ஆனால் பெயர் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. “தலகாணி இன்ஜினியரா? தோ, அந்தப் பச்சை கேட்டு” என்று உடனே கை நீட்டுவார். திருமலை பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். சாய்ந்த பிறகு ஜனாதிபதியே விருந்து வைத்தாலும் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்.

மற்ற இன்ஜினியர்கள் வீட்டை நின்று பார்ப்பார்கள். இவர் ஹால் நடுவில் பாய் விரித்து, தலையணை போட்டு, மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பார். ஏன் சார் என்று கேட்டால், “வீட்ல நம்ம பாதி நேரம் படுத்துகினுதான இருக்கறோம்? அப்ப படுத்துதான பாக்கணும்?” என்பார். கேட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு போகவேண்டியதுதான்.

ஒருமுறை நண்பர் மகளுக்குச் சம்பந்தம் பேச அவரையும் செய்யாருக்கு அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டில் கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. இவர் கண் மட்டும் மேலேயே இருந்தது. திடீரென்று மாப்பிள்ளையின் அம்மாவிடம், “தப்பா நெனைக்காதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க படுக்கலாமா?” என்று கேட்டார். அந்த அம்மா மனுஷனுக்கு மயக்கம் என்று பதறிப்போய் ஃபேனைக் கூட்டி, சோடாவுக்கு ஆள் அனுப்பி, முகத்தில் தண்ணீர் தெளித்தார். தெளித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்த இன்ஜினியர், “சம்பந்தம் அருமையான சம்பந்தம். ஆனா இந்த ஹால்ல பந்தி வெக்காதீங்க” என்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்யாணம் நின்றேவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அந்த மாதமே கூரையிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து டிவி மேல் விழுந்தது. மறுநாள் காலை மாப்பிள்ளையின் அப்பா பழத்தட்டோடு பச்சை கேட்டுக்கு முன்னால் நின்றார்.

இன்னொருமுறை ஒரு பட்டுக்கடை. புடவை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையில் போய்ப் படுத்துவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்திருந்த பெண்கள், ஏதோ புதுவிதமான வியாபாரம் போல என்று பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தார்களாம். கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டியதற்குக் காரணம் என் மனைவி கலா. வாடகை வீட்டுக்காரர் தைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்ததில் களம்பூர் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பழைய வீடு கண்ணில் பட்டது. ஏழு தேக்கு உத்தரங்கள், மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ், கொல்லையில் வற்றாத கிணறு. விலை என்ன என்று கேட்பதற்கு முன்பே ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்று கலா முடிவு செய்துவிட்டாள். எங்கள் இருவரின் பதினெட்டு வருடச் சேமிப்பும் அந்த வீட்டுக்குள் போய்விடும். வீடு நின்றால் நாங்கள் நின்றோம்.

தரகர் பறந்தார். “ஜல்தியா முடிங்க சார். செய்யார் கம்பெனி ஆபீசர் ஒருத்தரு திங்கக்கெழமை அட்வான்ஸோட வராரு. அப்பால என்னைக் கேக்காதீங்க.”

எனக்கும் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. கலாதான் தடுத்தாள். “இன்னாங்க நீங்க, ஒரு புடவை எடுத்தாலே வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கறோம். தலகாணி சார் ஒரு வாட்டி படுத்து எழுந்திரிக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்தார். ஒரு கையில் பாய், கக்கத்தில் தலையணை, தோளில் பை. வீட்டுக்காரர் தனபால் களம்பூர் ரைஸ் மில் ஒன்றில் மேனேஜர். தலையணையைப் பார்த்ததும், யாரோ தங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாயசத்துக்குச் சொல்லிவிட்டார்.

இன்ஜினியர் ஏணி போட்டு ஏறி, சின்ன மரச்சுத்தியால் ஒவ்வொரு உத்தரமாகத் தட்டினார். முதல் உத்தரம் ணங். இரண்டாவது ணங். மூன்றாவதில், சுவரோரம், சத்தம் பொத்தென்று வந்தது. மீதி நாலும் ணங். திரும்ப வந்து மூன்றாவதைத் தட்டினார். மூக்கை வைத்து முகர்ந்தார். “வார்னிஷ் புதுசா இருக்குதே?”

“அழகா இருக்கட்டும்னு அடிச்சோம் சார்” என்றார் தரகர், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“அழகாத்தான் இருக்குது. ஆனா மத்த ஆறும் ஒரு மாதிரி பேசுது, இது மட்டும் வாய்ல துணி வெச்ச மாதிரி பேசுது. வெயிட் ஏத்திப் பாக்கணும்.”

தனபாலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க அப்பா பாத்துப் பாத்துக் கட்டின வீடுங்க இது! வெயிட்டா? லாரியே ஏத்துங்க!”

“லாரி வேணாங்க. லாரில இருக்கற மூட்டை போதும். எண்பது.”

வாய் தவறிச் சொன்னதைத் திரும்ப வாங்கத் தனபாலுக்கு மனம் வரவில்லை. மில்லுக்கு போன் போட்டார். அடுத்த அரை மணியில் நெல் லாரியும், மூட்டை தூக்கும் பத்துப் பேரும், அவர்களுக்குப் பின்னாலேயே ஊரும் வந்து இறங்கியது. இரண்டு பேர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். ஐஸ் வண்டிக்காரர் வந்து மணி அடித்தார். திருவிழாவில் சாமி மட்டும்தான் குறை.

இன்ஜினியர் மூன்றாவது உத்தரத்துக்கு ஒரு விரல் கீழே, சுவருக்குச் சுவர் பட்டு நூல் ஒன்றை இழுத்துக் கட்டினார். பாரம் ஏற ஏற உத்தரம் வளையும். எவ்வளவு வளைகிறது என்பது நூலுக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தெரியும். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு நேராக அதே உத்தரத்துக்கு அடியில் பாய் விரித்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்து, படுத்துக்கொண்டார்.

“சார், அங்கியா படுக்கறீங்க?” என்றேன் வாசலிலிருந்து.

“வேற எங்க சார் படுக்கறது? நூலு இங்கதான இருக்குது. ஏத்துங்கப்பா! ஒரு மூட்டைன்னா ஒரு ஆளு. நாளைக்கு இவங்க வீட்டு விசேஷத்துக்கு எண்பது பேரு மாடிக்கு ஏறுவாங்கன்னு வெச்சிக்குங்க.”

இந்தக் கணக்கு மூட்டை தூக்குகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் மூட்டையைத் தூக்கிய அண்ணன், “இது மாமனாரு, வழி உடுங்க!” என்று படியேறினார். இரண்டாவது மாமியார். மூன்றாவது பெங்களூரு சித்தப்பா. கலா வெளிப்புறப் படிக்கட்டில் நின்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இருபது மூட்டை ஏறியதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஏங்க, ஏறினது அத்தினி பேரும் உங்க சொந்தமா இருக்காங்களே? எங்க வீட்டு ஆளுங்க எப்ப ஏறுவாங்க?”

“உங்க வீட்டுக்காரங்க லேட்டாத்தான வருவாங்க” என்றேன். அந்தப் பரபரப்பிலும் அவள் என்னை முறைத்த முறைப்பை ஊரே பார்த்தது. அடுத்து ஒரு பெரிய மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தபோது, “இது எங்க நாத்தனாரு. பாத்து வைங்க, கோச்சிக்குவாங்க” என்றாள். கூட்டம் கைதட்டியது. நல்லவேளை, என் அக்கா திருவண்ணாமலையில் இருந்தாள்.

“நாப்பது!” என்று கத்துவாள் கலா. “ஒண்ணும் ஆவல! ஏத்துங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். “அம்பது!” “பேஷ்!” “அறுபது!” இந்த முறை பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. “நூலு பக்கத்துல வந்துகினு இருக்குது. மெதுவா ஏத்துங்க.”

அறுபத்து மூன்றாவது மூட்டை மாடியைத் தொட்டதும் உள்ளே படாரென்று ஒரு சத்தம்.

கலாதான் முதலில் கத்தினாள். “சார்! வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம், வெளியே வாங்க சார்!”

உள்ளேயிருந்து வந்தது சிரிப்புச் சத்தம். “மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சும்மா!”

எட்டிப் பார்த்தேன். உத்தரத்தின் சுவரோரத்தில் அடித்திருந்த வார்னிஷ் பலகை ஆணியோடு தெறித்து, அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து கிடந்தது. பலகை மறைத்திருந்த இடத்தில் உத்தரத்தின் முனையைக் கரையான் சல்லடையாக்கி வைத்திருந்தது. தனபால் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் குந்திவிட்டார். “எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. வார்னிஷ் வேலைய இவருகிட்டதான் உட்டேன்” என்று திரும்பினால், தரகர் இல்லை. அவருடைய பைக் சத்தம் மட்டும் ஊர்க்கோடியில் கேட்டது.

“மூட்டைய எறக்குங்க, நடுவுல இருந்து!” என்றார் இன்ஜினியர். படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“அதான் கண்டுபிடிச்சிட்டீங்களே, எழுந்து வாங்க சார்” என்றேன்.

“வளஞ்ச உத்தரம் பாரம் எறங்குனா பழையபடி நிமிருதான்னு பாக்கணும். நிமிர்ந்தா சுவரு நல்லா இருக்குது, உத்தரத்த மட்டும் மாத்தினா போதும். நிமிரலன்னா வீடே வேணாம். பாதில எழுந்தா எனக்குத் தெரியாமப் பூடும்.”

அறுபத்து மூன்று மூட்டையும் இறங்க முக்கால் மணி நேரமாவது ஆகும். வெயில் கிணற்றடியைத் தாண்டிவிட்டது. கலா ஒருமுறை மேற்கே பார்த்தாள், ஒருமுறை உள்ளே பார்த்தாள். வரும்போது கொண்டுவந்த கூடையிலிருந்து எலுமிச்சம் சாத டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஹாலுக்குள் போனாள். கரையான் தின்ற அந்த உத்தரத்துக்கு அடியில், அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தலகாணி இன்ஜினியர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம். “வெளிய போங்கம்மா! இது இன்னா வெளயாட்டு? மேல இன்னும் அம்பது மூட்டை இருக்குது!”

“பொழுது சாயுது சார். நீங்க சாப்பிடாம ராத்திரி முழுக்கப் பட்டினி கெடப்பீங்க. வெங்காயம், பூண்டு ஒண்ணும் போடல. நீங்க எழுந்தா நானும் எழுந்திருக்கறேன்.”

“ஒரு நாளு சாப்பிடலன்னா நான் செத்துடமாட்டேன்!”

“உத்தரம் உழுந்தா செத்துடுவீங்க இல்ல? எனக்கு வீடு வேணும்தான் சார். உங்கள அடியில வெச்சிகினு வேணாம்.”

அவர் நூலைப் பார்த்தார். கலாவைப் பார்த்தார். நான் ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு வீரத்தோடு நின்றிருந்தேன். கடைசியில் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு அந்த டப்பாவைக் காலி செய்தார். தன் ஆயுசில் பாதியில் எழுந்த ஒரே சோதனை இதுதான் என்று ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் முணுமுணுத்தார்.

மறுநாள் அறிக்கை வந்தது. ‘ஆறு உத்தரங்கள் நன்று. மூன்றாவது மாற்றப்பட வேண்டும். சுவர் பற்றிய சோதனை முழுமை பெறவில்லை. காரணம்: வாங்குபவரின் மனைவி.’

செய்யார் ஆபீசர் திங்கட்கிழமை அட்வான்ஸோடு வந்தாராம். தனபால் கரையான் அரித்த முனையை அவருக்குக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். “எங்க அப்பா பேரு கெட்டுடக் கூடாதுங்க. உத்தரத்த நானே மாத்திக் குடுக்கறேன், அப்பால வந்து பாருங்க” என்று எங்களுக்கு போன் செய்தார். சொன்னபடி மாற்றினார்.

இரண்டாம் சோதனைக்கு இன்ஜினியர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். எண்பது மூட்டையும் ஏறின, எண்பதும் இறங்கின. கலா வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தார். அவளும் தாண்டவில்லை, ஆனால் கடைசி மூட்டை இறங்கும் வரை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். “பாஸ்!” என்று அவர் கத்திய கத்தலில் மூட்டை தூக்கிய அண்ணன் துண்டைத் தூக்கி எறிந்தார், தனபால் கண்ணைத் துடைத்தார். கலா ஓடிப்போய் ஃபிரிட்ஜ் வைக்கிற மூலையில் நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது அவரிடம் கேட்டேன். “சார், நூலுக்கு நேரா ஒரு செல்போனை வெச்சுட்டு, வெளியில நின்னே வீடியோல பாத்திருக்கலாமே? உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சார். நூலு எல்லாம் போன்லியே நல்லாத் தெரியும்” என்றார். “ஆனா நாளைக்கு அந்த எடத்துல படுக்கப் போறது போன் இல்லியே. நீங்க ரெண்டு பேரும்தான?”

எங்கள் மேல் அக்கறையாகப் பேசியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். எங்களுக்கு முன்னால் போய் அங்கே படுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.